புல்லாங்குழலுக்குத் தனி ஆசிரியரைத் தேடுவதும் முதல் சில மாதப் பாடமும்

நீங்கள் தாம்பரம் பக்கம் குடியிருக்கிறீர்கள். வயது முப்பதுகளின் நடுவில். இதுவரை எந்த இசையையும் முறையாகப் பயின்றதில்லை. இப்போது ஒன்பது வயது மகளோடு சேர்ந்து கர்நாடக சங்கீத முறையில் புல்லாங்குழல் கற்க விரும்புகிறீர்கள். தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரை எங்கே தேடுவது, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, குழலை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாமா, வகுப்பு தொடங்கியபின் என்னவெல்லாம் நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்தே மற்றவற்றுக்கும் விடை கிடைக்கும் என்பதால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நான்கு மாதங்களில் உங்கள் உதடும் மூச்சும் விரல்களும் எப்படிப் பழகுகின்றனவோ அதுவே பல ஆண்டுகளுக்கு நிலைத்துவிடும். பிறகு மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். எனவே எத்தனை கீர்த்தனை தெரிந்தவர், எத்தனை மேடை கண்டவர் என்பதைவிட, தொடக்க நிலை மாணவரின் ஒற்றை ஸ்வரத்தைப் பொறுமையாகக் கேட்டுத் திருத்துபவரா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பெரிய வித்வான்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அதிகம் வெளியே தெரியாத ஆசிரியர்களிலும் உண்டு.

குழலை இப்போது வாங்க வேண்டாம். ஒவ்வோர் ஆசிரியரும் தாம் பழகிய சுருதியிலும் தமக்குத் தெரிந்த கைவினைஞரிடமும்தான் மாணவருக்குக் குழல் வாங்கித் தருவார். கோயில் வாசலிலும் பொருட்காட்சியிலும் வண்ணம் பூசி விற்கப்படும் குழல்கள் பார்வைக்கு அழகாக இருக்கும். சுருதி பெரும்பாலும் சேராது. சுருதி சேராத குழலில் பழகினால், தவறு தம்மிடமா மூங்கிலிடமா என்று புதியவருக்குப் புரியாது, காதும் கெட்டுப்போகும். இன்னொரு காரணமும் உண்டு. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆறு துளைக் குழல் இந்துஸ்தானி பான்சுரி வகையைச் சேர்ந்தது. கர்நாடகக் குழலில் ஊதும் துளையைத் தவிர எட்டுத் துளைகள் இருக்கும். அவற்றில் ஏழு துளைகளை விரல்கள் ஆளும். இரண்டிலும் ஸட்ஜமம், அதாவது ‘ஸ’ என்ற ஆதார ஸ்வரம், பிறக்கும் இடமே வேறு. பான்சுரியில் வாய்ப்பக்கத்திலிருந்து மூன்று துளைகளை மூடினால் ஸ. கர்நாடக முறையில் இரண்டை மூடினால் ஸ. ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் தடுமாறத்தான் செய்யும்.

இனி தேடும் வழி. இணையத்தில் தேடினால் விளம்பரம் செய்யத் தெரிந்தவர்கள் முதலில் வருவார்கள். அவர்களை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் தேடல் அங்கேயே நின்றுவிடக் கூடாது. சென்னையில் இருப்பவர்களுக்கு மிகப் பெரிய வாய்ப்பு மார்கழி. டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் பல சபாக்களில் காலையிலும் பிற்பகலிலும் இலவசக் கச்சேரிகள் நடக்கும். இளம் குழல் கலைஞர்களை நீங்கள் கேட்க வேண்டியது அங்கேதான். பிடித்த வாசிப்பைக் கேட்டால், கச்சேரி முடிந்ததும் மேடையருகே சென்று, “நாங்கள் புதிதாகக் கற்க விரும்புகிறோம், நீங்கள் சொல்லிக்கொடுப்பதுண்டா, இல்லையென்றால் எங்கள் பகுதியில் யாரைப் பார்க்கலாம்?” என்று கேளுங்கள். யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கலைஞருக்கு நேரம் இல்லாவிட்டாலும் தம் குருவின் வேறொரு சீடரையோ தம்மிடம் தேறிய மூத்த மாணவரையோ கைகாட்டுவார். தொடக்க நிலைக்கு அப்படிப்பட்ட மூத்த மாணவர் பல நேரம் இன்னும் பொருத்தமானவர்.

பலர் கவனிக்காத இன்னோர் இடம் பரதநாட்டிய அரங்கேற்றம். பக்கவாத்தியக் குழுவில் அநேகமாக ஒரு புல்லாங்குழல் கலைஞர் இருப்பார். பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் பின்தொடர்ந்து பழகிய காது அவருடையது. அவர்களில் பலர் வீட்டில் வகுப்பும் நடத்துகிறார்கள். உங்கள் பகுதியில் உள்ள நடன ஆசிரியையையோ வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்க ஆசிரியர்களையோ விசாரித்தால் போதும்; ஒரு வட்டாரத்தின் இசைக்காரர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள். யார் ஒழுங்காக வகுப்பெடுப்பார், யார் அடிக்கடி ரத்து செய்வார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சென்னையில் உள்ள அரசு இசைக் கல்லூரியில் குழல் பயின்று வெளிவந்தவர்களையும் விசாரிக்கலாம். வெளி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வழக்கமாக உள்ள பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை. குழல் அந்த வரிசையில் இல்லாவிட்டாலும், அங்குள்ள ஆசிரியர்களைக் கேட்டால் ஊரில் குழல் சொல்லிக்கொடுப்பவர் யார் என்று தெரிந்துவிடும். வானொலி நிலையத்தின் தேர்வில் கிரேடு (தரநிலை) பெற்றவர் என்பது ஒரு நல்ல சான்றுதான். ஆனால் அது வாசிப்புக்கான சான்று, கற்பிப்புக்கானது அன்று.

ஆசிரியரின் பாணியைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. குழலைக் கச்சேரி மேடையின் முதன்மை வாத்தியமாக உயர்த்தியவராகக் கும்பகோணம் சரப சாஸ்திரிகளைச் சொல்வார்கள். பார்வையற்றவரான அவர் 1872 முதல் 1904 வரைதான் வாழ்ந்தார். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அந்த வழியைத் தொடர்ந்தார். பின்னர் வந்த மாலி என்கிற டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) விரல்களைக் கையாளும் முறையையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை (ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் நயங்களை) குழலில் கொண்டுவந்தார். அவருடைய சீடர் என். ரமணி (1934–2015) அதை மேலும் வளர்த்துப் பல மாணவர்களை உருவாக்கினார். இன்னொரு பக்கம் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையும் அவரிடம் கற்று அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டி. விஸ்வநாதனும் பாட்டை அப்படியே நிதானமாகக் குழலில் பாடும் வழியைக் காத்தார்கள். சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணி, நீலா ஆகியோரின் வாசிப்பு தனி அழகுடையது. இவற்றில் எது உயர்ந்தது என்பது உங்கள் கேள்வியே அன்று. ஆனால் விரலின் நுனியால் மூடுவதா சற்று உள்ளே உள்ள சதைப்பகுதியால் மூடுவதா, அரைத்துளையை (பாதி மட்டும் மூடிய துளையை) எப்படித் திறப்பது என்பன போன்ற அடிப்படைகளில் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபாடு உண்டு. ஆகவே ஒரே சமயத்தில் இருவரிடம் கற்பதையும், வகுப்பில் ஒரு முறையும் காணொளியில் வேறொரு முறையுமாகப் பழகுவதையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் மேற்சொன்ன கலைஞர்களின் ஒலிப்பதிவுகளை நிறையக் கேளுங்கள். எந்த நாதம் உங்களை இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு ஆசிரியரைச் சந்திப்பது நல்ல தொடக்கம்.

இரண்டு மூன்று பேரை அடையாளம் கண்டபின் நேரில் சென்று பாருங்கள். முடிந்தால் அவருடைய ஒரு வகுப்பில் ஓரமாக அமர்ந்து கேட்க அனுமதி கேளுங்கள். அங்கே ஆசிரியரின் வாசிப்பைவிட, அவரிடம் ஓராண்டு இரண்டாண்டு கற்ற மாணவர்களின் வாசிப்பைக் கூர்ந்து கேளுங்கள். நாதத்தில் காற்றின் இரைச்சல் அதிகமில்லாமல் ஒலி திரண்டு வருகிறதா? தம்பூராவோடு சேர்கிறதா? நீட்டிப் பிடிக்கும்போது ஆடாமல் நிற்கிறதா? இவை மூன்றும் இருந்தால் அந்த ஆசிரியர் அடிப்படையில் கவனம் செலுத்துகிறார் என்று நம்பலாம். மாணவர்கள் வர்ணம் என்ற மேல்படிப் பாடத்தை வேகமாக வாசித்தும் சுருதி விலகியே நின்றால், பாடம் ஓடுகிறது, திருத்தம் நடக்கவில்லை என்று பொருள்.

கவனிக்க வேண்டிய ஒரு நுட்பமான இடத்தைச் சொல்கிறேன். கர்நாடகக் குழலில் மத்திய ஸ்தாயியின் (நடு ஒலிமட்டத்தின்) ஸ, ரி, க ஆகிய மூன்றையும் வாசிக்கும்போது விரல்கள் ஒவ்வொன்றாக எழும்பி, காந்தாரத்தில் (க) துளைகள் எல்லாமே திறந்துவிடும். அடுத்து வரும் மத்தியமத்துக்கு (ம) விரல்களை ஒருசேர இறக்கித் துளைகளை மூட வேண்டும். அதே நொடியில் உதட்டைச் சற்றே குவித்துக் காற்றின் வேகத்தையும் கூட்ட வேண்டும். காற்று கூடாவிட்டால் அதே மத்தியமம் கீழ் ஸ்தாயியில் ஒலித்துவிடும். காந்தாரத்தில் பிடிமானம் குறைவதால் குழல் நழுவும் பயமும் புதியவருக்கு உண்டு. கட்டைவிரல்களும் தாடையும்தான் அப்போது குழலைத் தாங்க வேண்டும். சரளி வரிசை எனும் முதல் ஸ்வரப் பயிற்சியின் முதல் வரியிலேயே வரும் இந்த ‘க–ம’ என்ற தாண்டலை ஆசிரியர் எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள். “பழகப் பழக வந்துவிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவரும் இருக்கிறார். அந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் பிரித்தெடுத்து, உதடு என்ன செய்கிறது, விரல்கள் ஒன்றாக இறங்குகின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் திருத்துகிறவரும் இருக்கிறார். இரண்டாமவரைத் தேர்ந்தெடுங்கள்.

வேறொன்றையும் கேட்டுவிடுங்கள்: பாடத்தைப் பாடியும் சொல்லிக்கொடுப்பாரா? குழல் கற்பவர் ஒவ்வொரு வரிசையையும் முதலில் வாயால் பாடிவிட்டு வாசிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வீணையில் மெட்டு உண்டு. மீட்டினால் ஸ்வரம் ஏறத்தாழ அந்த இடத்தில் நிற்கும். குழலில் உதட்டின் கோணம் சிறிது மாறினாலே ஸ்வரம் ஏறியும் இறங்கியும் போகும் என்பதால், சரியான ஸ்வரம் மனத்தில் முதலில் இருந்தாக வேண்டும். பின்னாளில் கீர்த்தனைக்கு வரும்போதும் சாஹித்யம் (பாட்டின் சொற்கள்) தெரிந்தால்தான் சொல்லை உடைக்காமல் எங்கே மூச்செடுப்பது என்று தெரியும். உங்களைப் போல இசைப் பயிற்சியே இல்லாமல் வருபவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

கட்டண விஷயத்தை முதல் சந்திப்பிலேயே தெளிவாகப் பேசுங்கள். மாதக் கட்டணமா வகுப்புக் கணக்கா, வாரம் எத்தனை வகுப்பு, தனி வகுப்பா நான்கைந்து பேர் சேர்ந்ததா, ஆசிரியர் கச்சேரிக்குப் போகும் வாரங்களில் விட்டுப்போன வகுப்பை ஈடுசெய்வாரா என்பதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. பிற்பாடு இரு தரப்பிலும் வருத்தம் வராமல் காக்கும். குழுவாகக் கற்பதில் செலவு குறைவு; ஆனால் பலர் சேர்ந்து ஊதும்போது ஒருவரின் நாதத்தில் உள்ள குறை ஆசிரியர் காதுக்கு எட்டாது. தொடக்கத்தில் தனி வகுப்போ, அப்பாவும் மகளுமோ அம்மாவும் மகளுமோ மட்டும் அமரும் வகுப்போதான் நல்லது. குழந்தையின் வகுப்பில் பெற்றோர் உடன் இருப்பதை ஆசிரியர் இயல்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும். தயங்குபவரிடம் குழந்தையை விட வேண்டாம்.

விஜயதசமி அன்று தொடங்குவது நம் வழக்கம். வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணையோடு சென்று முதல் பாடம் வாங்குவதில் ஒரு நிறைவு இருக்கிறது. அன்று வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. ஆசிரியர் சொல்லும் நல்ல நாள் எதுவானாலும் சரி.

குழல் வாங்கும்போது ஆசிரியரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கட்டை என்பது சுருதியின் அளவு; பல ஆசிரியர்கள் ஐந்து கட்டைக் குழலில் தொடங்குவார்கள். கட்டை கூடக்கூடக் குழல் சிறிதாகித் துளைகளின் இடைவெளியும் குறையும். மகளின் விரல்கள் எட்டவில்லையென்றால் அவளுக்கு மட்டும் கட்டை கூடிய சிறிய குழல் கொடுப்பார்கள். இருவரும் ஒன்றாக அமர்ந்து வாசிக்க வேண்டும் என்பதற்காகக் குழந்தையின் கையை வலிக்க வலிக்க விரிக்கக் கூடாது. பயிற்சிக்கான நல்ல குழல் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். தொடக்கத்தில் அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. ரமணி பயன்படுத்திப் புகழ்பெறச் செய்த நீளமான, கீழ்ச் சுருதிக் குழல்களின் நாதம் மயக்கும். அவற்றுக்கு விரல்களும் மூச்சும் நன்கு தேறியபின் போகலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் குழலை இடப்பக்கமாகப் பிடிக்கலாமா என்று கேட்பதுண்டு. துளைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும் குழல் இரு பக்கத்துக்கும் பொருந்தும். ஆனால் முதல் நாளிலேயே ஆசிரியரிடம் சொல்லி முடிவு செய்துகொள்ள வேண்டும். மூங்கில் வெயிலிலும் ஏசி அறையின் வறட்சியிலும் விரிசல் விடும். வாசித்து முடித்ததும் உள்ளே உள்ள ஈரத்தை மெல்லிய துணியால் துடைத்து உறையில் வையுங்கள். காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள்.

முதல் வாரங்களில் ஒலியே வராமல் போகலாம். அதற்கு அஞ்ச வேண்டாம். கீழுதட்டின் ஓரத்தில் துளையை வைத்து, காற்றில் ஒரு பகுதி துளைக்குள்ளும் ஒரு பகுதி வெளியேயும் போகும்படி அதன் எதிர் விளிம்பில் மோதச் செய்ய வேண்டும். அந்தக் கோணத்தை ஒவ்வொருவரும் தம் உதட்டின் அமைப்புக்கேற்பக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணாடி முன் நின்று பழகுவது பெரிதும் உதவும். கன்னத்தை உப்ப விடாதீர்கள். தொடக்கத்தில் காற்றை வீணாக்கி ஊதுவதால் தலை சுற்றும். உடனே நிறுத்திச் சாதாரணமாக மூச்சுவிட்டுச் சில நிமிடங்கள் கழித்துத் தொடருங்கள். பெரியவர்களானாலும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பயிலாமல், காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. உதட்டுத் தசைகள் களைத்தபின் செய்யும் பயிற்சி தவறான பிடிப்பைத்தான் வளர்க்கும். மகளுக்கு முன்பற்கள் முழுமையாக முளைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்; பல்லுக்குக் கம்பி கட்டும் எண்ணம் இருந்தால் அதையும் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கம்பி கட்டியதும் நாதம் சில காலம் மாறிப்போகும்.

நாதம் வந்தபின் ஸ, ப, மேல் ஸ ஆகியவற்றைத் தம்பூரா ஒலியோடு நீட்டிப் பிடிக்கும் பயிற்சி. அதன்பின் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்ற வழக்கமான படிகள். சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்கும் என்பது பாட்டுக்கும் வீணைக்கும் பொருந்தும் மரபு. குழலிலோ துளைகளை முழுமையாக மூடியும் திறந்தும் வாசித்தால் இயல்பாகக் கிடைப்பது ஹரிகாம்போஜி ராகத்தின் ஸ்வரங்கள். மாயாமாளவகௌளையின் ரிஷபத்துக்கும் (ரி) தைவதத்துக்கும் (த) துளையைப் பாதி மூடிப் பிடிக்க வேண்டும். ஆகவே சில ஆசிரியர்கள் ஹரிகாம்போஜியிலோ சங்கராபரணத்திலோ தொடங்கி, விரல் உறுதிப்பட்டபின் மாயாமாளவகௌளைக்கு வருவார்கள். சிலர் முதல் நாளிலிருந்தே அரைத்துளையைப் பழக்குவார்கள். இரண்டும் முறையான வழிகளே. ஹரிகாம்போஜியில் தொடங்குகிறாரே, இவருக்கு மரபு தெரியாதோ என்று ஐயப்பட வேண்டாம். ஜண்டை வரிசை வரும்போது ஒரே ஸ்வரம் இரட்டித்து வருவதால் நாவால் தட்டிப் பிரிக்கும் துத்துக்காரமும் விரல் அசைவால் பிரிப்பதும் பாடமாகும். எதை எங்கே என்பது பாணியைப் பொறுத்தது, ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள்.

பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் இணையவழி வகுப்பு நடைமுறைக்கு ஏற்றதுதான், ஆனால் முதல் இரண்டு மூன்று மாதங்களாவது நேரில் போய்வர முயலுங்கள். உதடு, தாடை, கை மணிக்கட்டு ஆகியவற்றின் நிலையை ஆசிரியர் பக்கத்திலிருந்து பார்த்துத் தொட்டுத் திருத்துவது போலத் திரையில் முடியாது. இணையவழியில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்கவும் இயலாது. ஒலி தாமதமாக வரும். காணொளி அழைப்புச் செயலிகள் நீண்டு ஒலிக்கும் குழல் நாதத்தைப் பின்னணி இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடுவதும் உண்டு. நீங்கள் கார்வை பிடிக்கும்போது (ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும்போது) ஒலி விட்டுவிட்டு வருவதாக ஆசிரியர் சொன்னால், செயலியின் அமைப்பில் இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவிடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஒவ்வொரு வாரமும் பயிற்சியைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பி, அதில் உள்ள குறைகளை ஆசிரியர் சொல்லக் கேட்பது நேரலை வகுப்பைவிடச் சில வேளைகளில் அதிகப் பயன் தரும்.

ஆறு மாதம் ஒழுங்காகப் பயின்ற ஒருவர் சரளி, ஜண்டை வரிசைகளை முதல் இரண்டு காலங்களில் (வேகங்களில்) தம்பூராவோடு சேர்ந்து வாசிக்கவும், ஸ்வரத்தை ஆடாமல் சில விநாடிகள் நீட்டிப் பிடிக்கவும் கூடியவராக இருக்க வேண்டும். திரைப்பாடலை அதற்குள் வாசிக்க ஆசை வரும். வீட்டில் வாசித்துப் பாருங்கள், ஆனால் அதையே வகுப்பின் பாடமாக்கித் தரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உங்கள் மகள் உங்களைவிட வேகமாக முன்னேறக்கூடும். அப்போது இருவருக்கும் பாடத்தைப் பிரித்துத் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள், அவளை உங்களுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் நாதம் தெளியவில்லை, அதைப் பற்றி ஆசிரியர் எதுவும் சொல்லவும் இல்லை என்றால் முதலில் அவரிடமே மனம்விட்டுப் பேசுங்கள். மாற்றம் இல்லாவிட்டால் சொல்லாமல் நின்றுவிடாமல், நேரில் போய் நன்றி சொல்லி விடைபெற்றுக்கொண்டு அடுத்தவரிடம் செல்லுங்கள். புதிய ஆசிரியரிடம் இதுவரை கற்றதை ஒளிக்காமல் வாசித்துக் காட்டுங்கள்; எந்த இடத்திலிருந்து திருத்தத் தொடங்குவது என்பதை அவர் கேட்டு முடிவு செய்வார்.